இதர பொருட்கள்

ராலின்ஸுக்கு மேற்கே, மைல்கல் இருநூற்று நாலு.
இரவு ஒன்று பத்துக்கு ஆர்லன் கூப்பிட்டான்.
டிரெய்லரின் பின் அச்சில் வலது வெளி டயர்
வெடித்து, மட்கார்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம்.
காற்றில் அவன் குரல் விட்டுவிட்டு வந்தது.
‘கார்டு நம்பர் சொல்லு’ என்றது மட்டும் தெளிவாக.

நெப்ராஸ்காவில், சமையலறை மேசையில்,
நான்தான் இந்தக் கம்பெனி:
ஒரு லாரி, ஒரு கால்குலேட்டர்,
ஷூ பெட்டி நிறைய ரசீது.

விடிந்ததும் பில் வந்தது, படமாக,
ஓரத்தில் கிரீஸ் கட்டைவிரல் பதிந்து.
வண்டி கிளப்பியதற்கு இருநூற்றைம்பது.
வந்த முப்பத்தெட்டு மைலுக்கு, மைலுக்கு நாலு டாலர்.
திரும்பிப் போன முப்பத்தெட்டுக்கும் நாலு.
(அவன் வீட்டுக்குப் போக நான் ஏன் அழவேண்டும்?)
ராத்திரிக்குத் தனி. ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி.
கழற்றி மாட்ட நூற்றெண்பது.
கார்னியில் நானூறுக்குக் கிடைக்கிற டயர் எழுநூற்றுப் பத்து.
செத்த டயரை அள்ளிப்போக முப்பது.
அள்ளவேயில்லை. பள்ளத்தில் அது
கறுப்பு நாய் போலச் சுருண்டு கிடப்பதை
ஆர்லன் இன்னொரு படமாக அனுப்பியிருந்தான்.
கடைசி வரி: இதர பொருட்கள், நாற்பத்தைந்து.

கடைக்குப் போன் போட்டேன்.
இதர பொருட்கள் என்றால்?
‘துணி’ என்றான் ரஸ்டன் என்பவன்.
என்ன துணி?
‘கை துடைக்கிற துணி, மேடம்.’
நான் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த கவுன்
அதைவிட ஐந்து டாலர் குறைவு. அதையும் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை.
தூக்கத்திலிருந்து எழுந்து வந்த குரல்.
‘நான் படுத்துக்கொண்டு ஜாக்கி வைத்தபோது
என் பூட்ஸுக்கு நாலடியில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
அடுத்த மைலில் காற்று ஒன்றைச் சாய்த்துப் போட்டிருந்தது.
விலை பிடிக்காவிட்டால்
அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.’

வேறு ஆள் இல்லை.
அதற்குத்தான் அந்த விலை.
எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள்.
உறைகிற சாலையைப் பற்றி யாரும் ஏதும் சொல்லிவைக்கவில்லை.

மொத்தம் ஆயிரத்து எழுநூற்று நாற்பத்து நாலு.
சால்ட் லேக் லோடுக்கு வாடகை இரண்டாயிரத்து நூறு.
டீசலை நான் அன்று கூட்டவில்லை,
பென்சிலை மூடிவைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.

புதன்கிழமை ஆர்லன் வந்தான்.
கோட்டைத் துவைக்க எடுத்தால் உள்பையில்
நாலு இருபதும் ஒரு பத்தும், மடித்து.
இது ஏது என்றேன்.
ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்,
அவிழ்த்துக்கொண்டே இருந்தான்.

திரும்பும் வழியில், எல்க் மலைச் சரிவில்,
லிபான் என்று ஒரு பையன்.
லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்.
பெல்ட் அறுந்து, என்ஜினை நிறுத்திவிட்டு,
கையில் சாக்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.
கடைக்காரன் சொன்னது அறுநூறு டாலர், நாலு மணி நேரம்.
அதே என்ஜின்தான்.
எங்கள் பக்கப் பெட்டியில் பெல்ட் ஒன்று இருந்தது,
இலையுதிர் காலத்தில் நான் வாங்கிப் போட்டது.
இருபது நிமிடத்தில் மாட்டிக்கொடுத்தானாம்.

‘எவ்வளவுன்னு கேட்டான். தொண்ணூறுன்னேன்.’

அந்த பெல்ட் முப்பத்திரண்டு.
‘தெரியும்.’
ரசீது பெட்டியில் இருக்கிறது, ஆர்லன்.
‘தெரியும்னு சொன்னேனே.’

ஒரு ஷூ கழன்று விழுந்தது.
‘வாயிலிருந்து அப்படித்தான் வந்தது’ என்றான்.
‘அறுநூறு கேட்டவனுக்குத் தொண்ணூறு.
அவன் இரண்டு தடவை நன்றி சொன்னான்.
பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான்.
ஏலக்காய் போட்டது. இன்னும் சூடாக இருந்தது.’

டீக்குக் காசு கேட்டானா என்று
நான் கேட்கவில்லை.

இரவு கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.
பெல்ட், முப்பத்திரண்டு: வரவு வைத்தேன்.
மீதி ஐம்பத்தெட்டை எந்தத் தலைப்பில் எழுதுவது?
மேலே கோட் டிரையரில் உருண்டுகொண்டிருந்தது,
பொத்தான்கள் தகரத்தில் தட்டித் தட்டி.
பென்சிலால், சின்ன எழுத்தில், எழுதினேன்:
இதர பொருட்கள்.